கொடுங்குற்றம் செய்தவரின் குடியுரிமையை அரசு பறிக்கலாமா?

கதிர்முகில்:

ஷமீமா பேகத்தின் மேல்முறையீட்டை விசாரணைக்கே எடுக்க முடியாது என்று 2024 ஆகஸ்டில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்த இழை.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. லண்டனில் பிறந்த பெண். 2015 பிப்ரவரியில், 15 வயதில், பள்ளித் தோழிகள் இருவருடன் வீட்டை விட்டுக் கிளம்பி, துருக்கி வழியாக சிரியா போய் ஐஎஸ் (இஸ்லாமிக் ஸ்டேட்) என்ற தீவிரவாத அமைப்பில் சேர்ந்தார். போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே கல்யாணம். நான்கு ஆண்டு கழித்து அந்த அமைப்பு சிதறி ஓடிய நேரத்தில், நிறைமாத கர்ப்பிணியாக முகாமில் இருந்தவரை ஒரு செய்தியாளர் கண்டுபிடித்தார். 2019 பிப்ரவரி 19 அன்று அப்போதைய உள்துறை அமைச்சர் சாஜித் ஜாவித் அவருடைய குடியுரிமையை ரத்து செய்தார். குற்றப்பத்திரிகை இல்லை, சாட்சி விசாரணை இல்லை, குற்றத் தீர்ப்பு இல்லை. குடும்பத்துக்கு ஒரு கடிதம் போனது, அவ்வளவுதான். முகாமில் பிறந்த குழந்தை மார்ச் மாதம் நிமோனியாவில் இறந்தது. ரத்து ஆணைக்குச் சில நாள் முன்பு பிறந்ததால் அந்தக் குழந்தை சட்டப்படி பிரிட்டிஷ் குடிமகன்.

அவர் செய்ததை நியாயப்படுத்த நான் வரவில்லை. அந்த அமைப்பு தலைகளை வெட்டியது, இராக்கின் சிறுபான்மை மதத்தவரான யஸீதிப் பெண்களைச் சந்தையில் விற்றது. அதற்குள் விரும்பிப் போனவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். என் கேள்வி, யாரிடம் பதில் சொல்வது என்பதுதான். பிறந்த நாடு கையைக் கழுவிவிட்டால் அவரை விசாரிக்க உலகத்தில் எந்த நீதிமன்றம் இருக்கிறது?

குற்றம் எவ்வளவு கொடியதானாலும் விசாரியுங்கள், நிரூபியுங்கள், சாகும்வரை சிறையில் வையுங்கள். குடியுரிமையில் மட்டும் கை வைக்கக் கூடாது. இதுதான் என் நிலைப்பாடு. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

நெடுஞ்சாலை:

கதிர்முகில், உங்க ஆதங்கம் புரியுது. ஆனா நான் முழுக்க எதிர்ப்பக்கம்.

குடியுரிமைங்கிறது ஒருவழிப் பாதை இல்லை. நாடு எனக்குப் பாதுகாப்பு தருது, நான் நாட்டுக்கு விசுவாசமா இருக்கேன். ஒருத்தன் எதிரிப் படையில போய்ச் சேர்ந்து, சொந்த நாட்டு பாஸ்போர்ட்டைக் கேமரா முன்னாடி எரிச்சு, தன் நாட்டு மக்களைக் கொல்லச் சொல்லிக் கூவுறான். அந்த உறவை அறுத்தது யாரு? அவன்தானே? அரசு அதுக்கு ஒரு முத்திரை குத்துது, அவ்வளவுதான்.

"விசாரியுங்கள்"னு சுலபமாச் சொல்லிட்டீங்க. எப்படி? குற்றம் நடந்தது சிரியாவில். சாட்சிகள் செத்துட்டாங்க, இல்லைன்னா பத்து நாட்டு அகதி முகாம்ல சிதறிக் கிடக்கிறாங்க. போர்க்களத்துல எடுத்த ஆவணத்தைச் சாதாரணக் குற்றவியல் நீதிமன்றம் ஏத்துக்கிறது கஷ்டம். உளவுத்துறைக்குத் தெரிஞ்சதைத் திறந்த நீதிமன்றத்துல வைக்கவும் முடியாது. கடைசியில "தடைசெய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினர்"னு நாலஞ்சு வருஷம் கொடுத்து வெளியே விடுவாங்க. அப்புறம் அவன் ஏறுற பஸ்ல உங்க பிள்ளையும் ஏறும்.

மனித உரிமைக்குப் பேர்போன ஐரோப்பிய நீதிமன்றமே 2020-ல் பிரான்ஸ் வழக்குல இதை ஏத்துக்கிட்டது. தீவிரவாதத்துக்காகத் தண்டனை வாங்கின அஞ்சு பேரோட பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறிச்சது செல்லும்னு சொல்லிருச்சு. அவங்க எல்லாருக்கும் இன்னொரு குடியுரிமை இருந்தது. யாரும் நாடற்றவர் ஆகலை.

சட்டநோக்கர்:

விவாதம் சூடாவதற்கு முன் சில விஷயங்களைப் பிரித்து வைத்துவிடலாம். இல்லாவிட்டால் ஆளுக்கொரு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

பொய் ஆவணம் காட்டி, உண்மையை மறைத்து வாங்கிய குடியுரிமையை ரத்து செய்வது ஒன்று. நாஜி வதைமுகாம் காவலராக இருந்ததை மறைத்து அமெரிக்கா வந்த ஃபெடோரென்கோவின் குடியுரிமையை 1981-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படித்தான் ரத்து செய்தது. அங்கே கேள்வி, குடியுரிமை முறையாகக் கிடைத்ததா என்பது மட்டும். அதைப் பற்றி அநேகமாக இங்கே யாருக்கும் பெரிய தகராறு இருக்காது.

முறையாகக் கிடைத்த குடியுரிமையை, பின்னால் செய்த குற்றத்துக்காகப் பறிப்பது முற்றிலும் வேறு. இந்த இழை அதைப் பற்றித்தான்.

1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 15-வது பிரிவு, ஒவ்வொருவருக்கும் ஒரு குடியுரிமைக்கு உரிமை உண்டு, அதை எதேச்சையாகப் பறிக்கக் கூடாது என்கிறது. நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961 உடன்படிக்கை, ஒருவரை நாடற்றவர் ஆக்கும்படி குடியுரிமையைப் பறிக்கக் கூடாது என்கிறது. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. கையெழுத்திடும் போதே அறிவித்துவிட்டால், நாட்டின் உயிர்நிலை நலன்களுக்குக் கடும் கேடு செய்தவரிடம் பறிக்கும் அதிகாரத்தை ஒரு நாடு வைத்துக்கொள்ளலாம். பிரிட்டன் அப்படி வைத்துக்கொண்டது.

நெடுஞ்சாலை சொன்ன பிரெஞ்சு வழக்கு சரியே. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அந்த ஐவரும் முதலில் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள், அதற்குப் பிறகே பறிப்பு. பேகம் வழக்கில் தண்டனைத் தீர்ப்பே கிடையாது.

வெண்ணிலா:

எல்லாரும் சிரியாவையே பேசுகிறீர்கள். நான் ராச்டேல் வழக்கைப் பற்றிக் கேட்கிறேன்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் சிறுமிகளைக் குடியும் பரிசும் காட்டி வளைத்து, கும்பலாகப் பாலியல் வன்கொடுமை செய்த ஆண்கள் 2012-ல் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் பாகிஸ்தானிலிருந்து வந்து பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர்கள். அரசு அதைப் பறித்தது. 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சரி என்றது. இங்கே விசாரணை நடந்தது, குற்றம் நிரூபணமானது, எல்லாம் முறைப்படி. சிறையிலிருந்து வெளியே வந்த அந்த மனிதனைத் தன் தெருவில், கடையில், எதிரெதிரே பார்க்க நேர்ந்த பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். 13, 15 வயதில் அவளைச் சிதைத்தவன் அவன். இனி இந்த மண்ணில் அவன் இருக்கக் கூடாது என்று அவள் கேட்டால் அதில் என்ன தவறு?

சட்டக் கோட்பாடுகளைப் பேசும்போது பாதிக்கப்பட்டவள் எப்போதும் அடிக்குறிப்பாகிவிடுகிறாள். எனக்கு அது தாங்கவில்லை.

கதிர்முகில்:

வெண்ணிலா, அந்தப் பெண்கள் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. அவர்களுக்கு அரசு என்ன கொடுத்தது என்பதையும் பார்ப்போம்.

குடியுரிமை பறிக்கப்பட்டவர்களில் இருவர் தங்கள் பாகிஸ்தான் குடியுரிமையைத் துறந்துவிட்டார்கள். பாகிஸ்தான் அவர்களை ஏற்கவில்லை. நாடுகடத்தல் நடக்கவில்லை. பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகும் அவர்கள் அதே ஊரில்தான் இருந்தார்கள். "அனுப்பிவிடுவோம்" என்ற வாக்குறுதியை நம்பிக் காத்திருந்தது அந்தப் பெண்கள்தான். அவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது நீண்ட தண்டனை, அந்த ஊருக்குள்ளேயே வரக் கூடாது என்ற நிபந்தனை, மீறினால் மறுபடி சிறை. இவை எல்லாவற்றையும் குடியுரிமையைத் தொடாமலே செய்யலாம். தலைப்புச் செய்தியாக மாறும் பறிப்பு ஆணை ஒன்றைப் போட்டுவிட்டு, கடினமான வேலையைச் செய்யாமல் விட்டால் யாருக்கு லாபம்?

அடிப்படைச் சிக்கலே இதுதான். ஒரு நாடு குடியுரிமையைப் பறித்தால் அந்த ஆள் காற்றில் கரைந்துவிடுவதில்லை. வேறொரு நாடு கதவைத் திறந்தால்தான் போக முடியும். கொடியவன் என்று நாமே முத்திரை குத்திய ஒருவனுக்கு எந்த நாடு கதவைத் திறக்கும்?

ஓரெழுத்து:

ஒரு சந்தேகம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களிடம் மட்டும் பறித்தால் நாடற்றவர் என்ற பிரச்சினையே வராதே? இந்தியாவில் சட்டம் எப்படி?

சட்டநோக்கர்:

காகிதத்தில் வராது. நடைமுறையில் வருகிறது.

பேகத்தையே பாருங்கள். பெற்றோர் வழியில் அவருக்கு வங்கதேசக் குடியுரிமை இருக்கிறது, ஆகவே நாடற்றவர் ஆகவில்லை என்பது பிரிட்டன் அரசின் வாதம். அவர் அந்த நாட்டில் வாழ்ந்ததே இல்லை. வங்கதேசச் சட்டப்படி இப்படி வம்சாவளியாக வரும் குடியுரிமை, வேறு நாட்டுக் குடியுரிமையும் இருந்தால், 21 வயதில் தானாக உதிர்ந்துவிடும். ஆணை வந்தபோது அவருக்கு வயது 19. அதாவது, ஏட்டில் மட்டும் இருந்த, இரண்டு ஆண்டில் காலாவதியாகப் போகிற ஒரு குடியுரிமையைக் காட்டி, பிறந்து வளர்ந்த நாட்டின் குடியுரிமையை எடுத்தார்கள். அவர் எங்கள் குடிமகள் அல்ல, உள்ளே விடமாட்டோம் என்று வங்கதேச அரசு அறிவித்தது. இன்று அவர் எந்த நாட்டுக் குடிமகள் என்று கேட்டால் நேர்மையான பதில், எந்த நாட்டுக்கும் இல்லை.

இன்னொரு விளைவு, நாடுகளுக்கிடையே நடக்கும் ஓட்டப்பந்தயம். ஜாக் லெட்ஸ் என்பவருக்கு பிரிட்டன், கனடா இரண்டின் குடியுரிமையும் இருந்தது. வளர்ந்தது பிரிட்டனில். 2019-ல் பிரிட்டன் முந்திக்கொண்டு பறித்துவிட்டது. தன் பொறுப்பை எங்கள் தலையில் கட்டுகிறது என்று கனடா வெளிப்படையாகவே வருந்தியது. 2021-ல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதே காரணத்துக்காக மோதிக்கொண்டன. நியூசிலாந்தில் பிறந்து ஆறு வயதிலேயே ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே வளர்ந்து, அந்த நாட்டு பாஸ்போர்ட்டில் சிரியாவுக்குப் போன பெண் அவர். ஆஸ்திரேலியா முதலில் பறித்ததால் குழந்தைகளோடு அவரை ஏற்க வேண்டிய கடமை நியூசிலாந்துக்கு வந்தது. அப்போதைய பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் கோபத்தை மறைக்கவில்லை. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நான்கும் நெருங்கிய கூட்டாளி நாடுகள். அவற்றுக்கிடையிலேயே இந்த நிலை.

இந்தியா பற்றிக் கேட்டீர்கள். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவுப்படி, பிறப்பால் குடிமகனானவரிடம் குற்றத்துக்காகக் குடியுரிமையைப் பறிக்க முடியாது. பதிவு செய்தோ குடியேறியோ பெற்றவரிடம் பறிக்கலாம். மோசடி, அரசமைப்புக்கு விசுவாசமின்மை, போர்க்காலத்தில் எதிரிக்கு உதவி போன்றவை காரணங்கள். குடியுரிமை பெற்ற ஐந்து ஆண்டுக்குள் எந்த நாட்டிலாவது இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருந்தாலும் அது ஒரு காரணம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பழைய குடியுரிமையைத் துறந்துவிட்டு வந்தவரிடம் இதையும் எடுத்தால் அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது.

மலையருவி:

இந்தத் தலைப்பை என்னால் தள்ளி நின்று பார்க்க முடியாது. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆக்கியது. அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறையாக உழைத்தவர்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மக்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியாக மிஞ்சியிருந்தவர்களுக்குச் சட்டம் 2003-ல்தான் வந்தது. இடையில் 55 ஆண்டு.

"அது வேறு, இது கொடுங்குற்றவாளிகளைப் பற்றி" என்பீர்கள். குற்றவாளி யார் என்று முடிவு செய்யும் கை எது என்பதுதான் என் கவலை. 1933 ஜூலையில் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. நாட்டுக்கு விசுவாசமில்லாமல் நடந்துகொண்டு வெளிநாட்டில் இருப்பவர்களின் குடியுரிமையைப் பறிக்கலாம் என்பது அதன் ஒரு பகுதி. அந்தப் பட்டியலில் ஐன்ஸ்டீன் வந்தார், தாமஸ் மன் வந்தார், 1938-ல் வில்லி பிராண்ட் வந்தார். அந்த பிராண்ட்தான் 1969-ல் மேற்கு ஜெர்மனியின் பிரதமராக நாற்காலியில் அமர்ந்தார். 1941 நவம்பரில் வந்த ஆணை, வெளிநாட்டில் இருந்த யூதர்கள் அத்தனை பேரின் குடியுரிமையையும் ஒட்டுமொத்தமாக ஒழித்தது. நாடுகடத்தும் ரயில் எல்லையைத் தாண்டியதுமே குடியுரிமை போய்விடும், சொத்தும் அரசுக்குப் போய்விடும். பிரான்ஸில் நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசு 1940 ஜூலைச் சட்டத்தால் சுமார் 15,000 பேரிடம் பறித்தது. போருக்குப் பிறகு ஜெர்மனியர்கள் அரசமைப்பை எழுதியபோது, ஜெர்மன் குடியுரிமையைப் பறிக்கக் கூடாது என்று 16-வது பிரிவில் நேரடியாகவே எழுதி வைத்தார்கள்.

இது பழங்கதையும் இல்லை. 2023 பிப்ரவரியில் நிகரகுவா 222 அரசியல் கைதிகளை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பியது, குடியுரிமையையும் பறித்தது. அடுத்த வாரமே எழுத்தாளர்கள், பாதிரியார்கள், பத்திரிகையாளர்கள் உட்பட மேலும் 94 பேர். எல்லோர் மீதும் ஒட்டிய பெயர் "தேசத்துரோகி". பஹ்ரைனிலும் 2012 முதல் எதிர்க்கட்சியினர் மீது இதே ஆயுதம்.

நெடுஞ்சாலை:

மலையருவி, நீங்க எழுதினதைப் படிச்சு மனசு கனத்துப் போச்சு. அந்த அநியாயத்தை ஒருத்தரும் மறுக்க முடியாது. ஆனா அதை வெச்சு என் வாதத்தை முறியடிக்க முடியாதுங்க.

சர்வாதிகாரிங்க சிறைச்சாலையையும்தான் எதிரிங்களை ஒடுக்கப் பயன்படுத்துறாங்க. அதுக்காகச் சிறையே கூடாதுன்னு சொல்றோமா? எந்த அதிகாரத்தையும் கெட்டவன் கெட்டதுக்குத்தான் பயன்படுத்துவான். சுதந்திரமான நீதிமன்றம், தேர்தல், பத்திரிகை இருக்கிற நாட்டுல, கண்காணிப்போட இந்த அதிகாரம் இருக்கலாம்ங்கிறதுதான் என் பேச்சு. நிகரகுவாவையும் பிரிட்டனையும் ஒரே தட்டுல வைக்கிறது நியாயமில்லை.

கதிர்முகில்:

> சிறையே கூடாதுன்னு சொல்றோமா?

வலுவான கேள்வி. என் பதில் இது. சிறைக்குள் போனவனுக்கு எல்லா வாசலும் அடைபடுவதில்லை. வழக்கறிஞரைப் பார்க்கலாம், மேல்முறையீடு செய்யலாம், தீர்ப்பு தவறென்றால் வெளியே வரலாம். அவன் அந்த நாட்டின் சட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறான். குடியுரிமை போனவன் அந்தச் சட்டத்துக்கு வெளியே தள்ளப்படுகிறான். மற்ற உரிமைகளைக் கேட்பதற்கு நிற்க வேண்டிய இடமே போய்விடுகிறது. 2010-ல் பிரிட்டன் இருவரின் குடியுரிமையை அவர்கள் வெளிநாட்டில் இருந்தபோது பறித்தது. 2012-ல் இருவருமே சோமாலியாவில் அமெரிக்க ட்ரோன் தாக்குதல்களில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் மீதிருந்த சந்தேகம் உண்மையாகவே இருந்திருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க இனி எந்த நீதிமன்றமும் இல்லை.

இதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1958-லேயே பேசிவிட்டது. ஆல்பர்ட் டிராப் ஒரு சாதாரணப் படைவீரர். 1944-ல் காசாபிளாங்காவில் ராணுவச் சிறையிலிருந்து தப்பி ஒரு நாளுக்கும் குறைவாக வெளியே இருந்தார். திரும்பி நடந்து வரும்போது பிடிபட்டார். போர்க்காலத்தில் படையை விட்டு ஓடிய குற்றத்துக்கு மூன்றாண்டு கடுங்காவல். அதோடு அன்றைய சட்டப்படி குடியுரிமையும் போனது. 1952-ல் பாஸ்போர்ட் கேட்டபோதுதான் அது அவருக்குத் தெரிய வந்தது. இது கொடூரமான தண்டனை, சித்திரவதையைவிடப் பழமையான கொடுமை என்று தலைமை நீதிபதி வாரன் எழுதினார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான் அந்தத் தீர்ப்பு தப்பியது என்பதையும் சொல்ல வேண்டும்.

"கண்காணிப்போட இருக்கலாம்" என்றீர்கள். பிரிட்டனின் வரலாறே அதற்குப் பதில். 2002 வரை, பிறப்பால் குடிமகனானவரிடம் பறிக்கவே முடியாது. அந்த ஆண்டுச் சட்டம், இரட்டைக் குடியுரிமை இருந்தால் அவரிடமும் பறிக்கலாம் என்றது. ஆனால் "உயிர்நிலை நலன்களுக்குக் கடும் கேடு" என்று கடுமையான அளவுகோல் வைத்தது. லண்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு 2006-ல் அந்த அளவுகோல் "பொதுநலனுக்கு உகந்தது" என்று இறங்கியது. 2014-ல், குடியேறிக் குடியுரிமை பெற்றவருக்கு வேறு நாட்டுக் குடியுரிமை கிடைக்கும் என்று அமைச்சர் நம்பினாலே போதும், நாடற்றவர் ஆனாலும் பரவாயில்லை என்றது. 2022-ல் சில சூழ்நிலைகளில் அவருக்குச் சொல்லாமலே பறிக்கலாம் என்றது. 2017 என்ற ஒரே ஆண்டில் பொதுநலக் காரணத்தால் குடியுரிமை இழந்தவர்கள் 104 பேர். தேர்தலும் பத்திரிகையும் நீதிமன்றமும் உள்ள நாட்டில், இருபதே ஆண்டில், படிப்படியாக நடந்தது இது.

மின்மினி:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் வெளிநாட்டில் குடியேறி அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவள். என் பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள்.

"இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களிடம் மட்டும்" என்ற வரியை எங்கள் வீட்டில் படிக்கும்போது கேட்கும் ஒலி வேறு. என் மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. நாளை இருவரும் சேர்ந்தே ஒரு பெருங்குற்றம் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் சிறைக்குப் போவான். என் மகன் சிறைக்கும் போவான், நாட்டையும் இழப்பான். காரணம் அவன் செய்தது அல்ல, அவனுடைய தாய் தந்தை எங்கிருந்து வந்தார்கள் என்பது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை வைக்கும் சட்டத்தை எப்படிச் சமம் என்று அவனுக்கு விளக்குவேன்?

என் மகன் குற்றம் செய்வான் என்ற பயம் எனக்கில்லை. தன் வகுப்பிலேயே தன் இருப்புக்கு மட்டும் நிபந்தனை இருக்கிறது என்பதை அவன் எந்த வயதில் புரிந்துகொள்வான் என்பதுதான் பயம்.

கனடா 2014-ல் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்து 2017-ல் நீக்கியது. தீவிரவாதச் சதிக்காக ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஒருவருக்கே குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் சிறையில்தான் தொடர்ந்து இருந்தார். பிரான்ஸில் 2015 தாக்குதல்களுக்குப் பிறகு அதிபர் ஒல்லாந்து இதை அரசமைப்பிலேயே சேர்க்கப் பார்த்தார். நீதி அமைச்சராக இருந்த கிறிஸ்தியான் தொபிரா 2016 ஜனவரியில் பதவியையே துறந்தார். இரண்டு மாதத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

வெண்ணிலா:

மின்மினி எழுதியதையும் படித்தேன். என் கேள்வி மாறவில்லை, பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான். ஆனால் அதே கேள்வியை யஸீதிப் பெண்களை வைத்துக் கேட்டால் விடை வேறு பக்கம் போகிறது.

ஐஎஸ்ஸிடம் அடிமையாக இருந்து தப்பிய யஸீதிப் பெண் நாதியா முராத் பல ஆண்டுகளாகக் கேட்பது ஒன்றுதான்: எங்களுக்கு இதைச் செய்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். 2021 அக்டோபரில் மியூனிக் நீதிமன்றம் ஒரு ஜெர்மன் பெண்ணுக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. ஐஎஸ்ஸில் சேர்ந்து, தன் வீட்டில் அடிமையாக வைத்திருந்த ஐந்து வயது யஸீதிச் சிறுமியைக் கணவன் வெயிலில் கட்டிப்போட்டபோது தடுக்காமல், தாகத்தில் சாகவிட்டதற்காக. பிறகு தண்டனை 14 ஆண்டாக உயர்ந்தது. அவளுடைய கணவனாக இருந்தவனை அடுத்த மாதம் பிராங்பர்ட் நீதிமன்றம் இனப்படுகொலைக் குற்றத்துக்காகவே தண்டித்தது. யஸீதிகளுக்கு எதிரான இனப்படுகொலைக்கு உலகில் வந்த முதல் தீர்ப்பு அது. அந்தச் சிறுமியின் தாய் நேரில் வந்து சாட்சி சொன்னார்.

நெடுஞ்சாலை, சாட்சி கிடைக்காது, நிரூபிக்க முடியாது என்றீர்கள். ஜெர்மனியில் நிரூபித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணை எங்கோ ஒரு முகாமில் விட்டுவிட்டு "இவள் எங்கள் குடிமகள் இல்லை" என்று ஜெர்மனி கைவிரித்திருந்தால், அந்தத் தாய் சாட்சி சொல்ல எந்தப் படியேறியிருப்பார்?

ராச்டேல் விஷயத்தில் என் மனம் இன்னும் ஆறவில்லை. அங்கே சிறைத்தண்டனை முடிந்தபின் அந்தப் பெண்களுக்கு என்ன பாதுகாப்பு என்பதற்கு யாரும் திருப்தியான பதில் தரவில்லை.

நெடுஞ்சாலை:

ஜெர்மன் வழக்குகள் பெரிய சாதனைதான், மறுக்கலை. ஆனா அதே ஜெர்மனி 2019-ல் சட்டம் திருத்தி, இரட்டைக் குடியுரிமை இருக்கிறவன் வெளிநாட்டுல தீவிரவாத அமைப்புக்காகப் போர்ல இறங்கினா ஜெர்மன் குடியுரிமை போயிரும்னு வெச்சிருக்கு. அத்தனை அடிபட்ட வரலாறு இருக்கிற நாடே ஒரு எல்லைக் கோடு தேவைன்னு நினைச்சிருக்கு.

அமைச்சர் தனியா உட்கார்ந்து கையெழுத்துப் போடுறதை நானும் ஆதரிக்கலை. நான் கேக்கிறது குறுகலானது. முதல்ல குற்றவியல் விசாரணை. தீவிரவாதம், தேசத்துரோகம் மாதிரிக் குற்றத்துக்கு மட்டும். தண்டனை கொடுக்கிற அதே நீதிபதி, ஆளோட வயசு, நாட்டோட உள்ள பிணைப்பு எல்லாம் பார்த்து முடிவு பண்ணட்டும். நாடற்றவன் ஆகக் கூடாது. ஆஸ்திரேலியா 2023 டிசம்பர்ல கொண்டுவந்த சட்டம் ஏறக்குறைய இப்படித்தான். இதுல என்ன கொடுமை இருக்கு?

சட்டநோக்கர்:

ஆஸ்திரேலியா எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2022-ல் அலெக்சாண்டர் வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் (அங்கே அதற்கு மேல் நீதிமன்றம் இல்லை), குடியுரிமையைப் பறிப்பது தண்டனைக்கு நிகர், தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை, அமைச்சருக்கு அந்த அதிகாரம் செல்லாது என்றது. 2023 நவம்பரில் பென்பிரிகா வழக்கிலும் அதையே சொன்னது. அவர் தீவிரவாதக் குழு ஒன்றை வழிநடத்தியதற்காக 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர், அல்ஜீரியக் குடியுரிமையும் உண்டு. அதற்குப் பிறகுதான் நெடுஞ்சாலை சொல்லும் சட்டம். பழைய சட்டத்தைவிட அது பல மடங்கு மேல். ஆனால் மின்மினி கேட்ட கேள்விக்கு அதிலும் பதில் இல்லை. ஒற்றைக் குடியுரிமை உள்ளவரை அது தொடாது.

கதிர்முகில்:

நெடுஞ்சாலை, உங்கள் குறுகலான வடிவம் இன்று நடைமுறையில் இருப்பவற்றில் பலவற்றைவிட நேர்மையானது. அமைச்சரின் கையெழுத்து போதாது என்பதில் நாம் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறோம் என்பதே எனக்குப் பெரிய விஷயம். ஆனால் தண்டனை முடிந்தபின் பென்பிரிகா போன்றவன் எங்கே போவான்? அல்ஜீரியாவுக்கா? ஆஸ்திரேலியாவில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, அங்கேயே ஆட்களைத் திரட்டி, அங்கேயே சதி செய்தவனை அல்ஜீரிய மக்கள் ஏன் சுமக்க வேண்டும்?

தூரத்தில் தள்ளிவிட்டால் பாதுகாப்பு என்பதும் சரியல்ல. வடகிழக்கு சிரியாவில் இவர்களைப் பல ஆண்டு காவல் காத்தது குர்து படையினர். உங்கள் ஆட்களை நீங்களே அழைத்துப் போங்கள் என்று அவர்கள் பல ஆண்டு கேட்டார்கள். பல நாடுகள் தட்டிக்கழித்தன. 2022 ஜனவரியில் ஐஎஸ் ஹசாகா சிறையை உடைக்கப் பல நாள் தாக்கியது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். ஐரோப்பியச் சிறையில் பூட்டி வைக்கக் கூடியவர்களை, ஏற்கெனவே சிதைந்து கிடக்கும் நிலத்தில், வறிய மக்களின் காவலில் விட்டு வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

நெடுஞ்சாலை:

ஹசாகா விஷயம் யோசிக்க வைக்குது. ஆனாலும் எதிரிப் படையில சேர்ந்து சொந்த நாட்டு மேல துப்பாக்கி தூக்கினவன் விஷயத்துல என் நிலைப்பாட்டை நான் விடலை. நாடு அவனைத் தண்டிக்கட்டும், அப்புறம் அவன் கிட்ட "நீ எங்க ஆளு இல்லை"ன்னு சொல்ற உரிமையும் அந்த நாட்டு மக்களுக்கு வேணும்.

ஓரெழுத்து:

பென்பிரிகா கடைசியில் என்ன ஆனார்? வெளியே விட்டுவிட்டார்களா?

சட்டநோக்கர்:

குடியுரிமை திரும்பக் கிடைத்த அடுத்த மாதம், 2023 டிசம்பரில், விடுதலையானார். நிபந்தனையில்லாமல் அல்ல. நீதிமன்றத்தின் ஓராண்டுக் கண்காணிப்பு ஆணையோடு, யாரைப் பார்க்கலாம், என்ன செய்யலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகளோடு. அரசு இன்னும் நீண்ட காலம் கேட்டது, நீதிபதி ஓராண்டு கொடுத்தார். வெண்ணிலா ராச்டேல் பெண்களுக்காகக் கேட்ட பாதுகாப்புக்கு மிக நெருக்கமாக இருப்பது இந்த வகை ஆணைதான். தற்போது பல நாடுகளில் இது தீவிரவாத வழக்குகளைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. பாலியல் குற்றங்களுக்கு இதே அளவு கண்டிப்போடு எந்தெந்த நாடு செய்கிறது என்பதைத் தனி இழையாகத் தொடங்கினால் நானும் எழுதுகிறேன்.